குத்தகைக்குப் போன பெயரும் கடலும்: துவாலு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2000ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் துவாலு ஐக்கிய நாடுகள் சபையின் 189ஆவது உறுப்பு நாடாகச் சேர்ந்தது. அது விடுதலை பெற்றதோ 1978 அக்டோபர் 1ஆம் நாள். இடைப்பட்ட 22 ஆண்டுகள் அது சபைக்கு வெளியே நின்றதற்குப் பெரிய கொள்கைக் காரணம் ஏதுமில்லை. நியூயார்க்கில் ஓர் அலுவலகம் வைத்து, வாடகை கொடுத்து, ஆண்டுச் சந்தாவும் கட்டும் அளவுக்கு அதன் கருவூலத்தில் பணமில்லை. பணம் வந்த வழி விசித்திரமானது. நாடுகளுக்கு ஈரெழுத்துக் குறியீடு வழங்கும் பன்னாட்டுப் பட்டியலில் துவாலுவின் பங்குக்கு ‘டி’, ‘வி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் விழுந்திருந்தன. இணைய முகவரிகளின் வாலாக வரும் அந்த இரண்டு எழுத்துகள் தொலைக்காட்சியைக் குறிக்கும் சுருக்கமாகவும் இருந்ததால் அவற்றுக்குச் சந்தையில் விலை ஏறியது. கலிபோர்னியாவில் இதற்கென்றே தொடங்கப்பட்ட ஒரு நிறுவனம் அவற்றைக் குத்தகைக்கு எடுத்தது. அந்தக் குத்தகைப் பணம்தான் சபையின் கதவைத் திறந்துவிட்டது.

துவாலு என்றதும் ‘மூழ்கும் நாடு’ என்ற பட்டத்தோடு பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. கடல் ஏறுவது உண்மை. ஆனால் ஏறும் கடல் எதைக் கொண்டுபோகும் என்பதைச் சரியாகக் கணக்கிட வேண்டுமானால், அந்த நாடு இதுவரை எதை வைத்துப் பிழைத்து வந்திருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். நவீன அரசொன்றைத் தாங்கும் அளவுக்கு அதன் நிலம் ஒருபோதும் விளைந்ததில்லை. ஒரு நாடு என்ற தகுதியினால் கைக்கு வரும் உரிமைகளை, அதாவது பெயரை, கொடியை, தொலைபேசி எண்ணை, கடலை, ஐக்கிய நாடுகள் சபையில் உள்ள வாக்கை, ஒவ்வொன்றாகக் குத்தகைக்கு விட்டே துவாலு தன் அரசை நடத்தி வந்திருக்கிறது. கடல்மட்ட உயர்வை அந்த அரசு இவ்வளவு சட்ட நுணுக்கத்தோடு அணுகுவதன் காரணமும் இதில்தான் இருக்கிறது என்பது இந்த ஆய்வின் வாதம்.

நிலம்

தென் பசிபிக்கில், நிலநடுக்கோட்டுக்குச் சற்றே தெற்கே, ஹவாய்க்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஏறத்தாழ நடுவழியில் ஒன்பது பவளத்தீவுகள் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்ட வரிசையில் கிடக்கின்றன. துவாலு என்ற சொல்லுக்கு ‘எட்டு சேர்ந்து நிற்பது’ என்று பொருள். ஒன்பதாவதான நியுலகிட்டாவில் நிலையான குடியிருப்பு இல்லாதிருந்ததால் அது கணக்கில் சேரவில்லை. எட்டில் ஏழு தீவுகளின் மக்கள் பாலினீசிய மொழியான துவாலுவனைப் பேசுகிறார்கள். நுயி தீவில் மட்டும் வடக்கிலிருந்து வந்த கில்பர்ட்டிய மொழி வழங்குகிறது. மொத்த நிலம் 26 சதுர கிலோமீட்டர். மக்கள் பத்தாயிரத்துச் சொச்சம். கடல்மட்டத்துக்கு மேல் ஐந்து மீட்டர் உயரமுள்ள இடம் நாட்டில் எங்குமே இல்லை.

ஆறு கிடையாது, மலை கிடையாது. மண் என்று சொல்லத்தக்க மண்ணும் அரிது. மழைநீர் பவளப் பொடிக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. அந்தப் படலம் தட்டுப்படும் வரை குழி தோண்டி, அதில் இலை தழைகளை ஆண்டுக்கணக்கில் மக்கவிட்டு உருவாக்கிய சேற்றில்தான் ‘புலாகா’ என்னும் பெருஞ்சேம்பை வளர்த்தார்கள். ஒரு குடும்பத்தின் புலாகாக் குழி அதன் பரம்பரைச் சொத்து. கிழங்கின் பருமன் அந்தக் குடும்பத்தின் மானம். கடல்நீர் பக்கவாட்டில் கசிந்து குழியில் உப்பு ஏறினால், இலைகளின் ஓரம் மஞ்சளித்துக் கிழங்கு அழுகிவிடும். இன்று தலைநகர்த் தீவான ஃபுனஃபுட்டியில் உண்ணப்படும் சோறு பெரும்பாலும் கப்பலில் வரும் அரிசி.

நாட்டின் மக்கள்தொகையில் பாதிக்கும் மேல் இந்த ஃபுனஃபுட்டியில், அதிலும் ஃபொங்கஃபாலே என்ற ஒரே திட்டில் நெருங்கி வாழ்கிறார்கள். நாணை விட்ட வில்லைப் போல வளைந்த அந்தத் திட்டின் அகலமான பகுதி 400 மீட்டர். ஒடுங்கிய இடங்களில் நடுச்சாலையில் நின்றால் ஒருபுறம் காயலும் மறுபுறம் பெருங்கடலும் ஒருசேரத் தெரியும். அகலமான பகுதியை விமான ஓடுதளம் எடுத்துக்கொண்டுவிட்டது. ஃபிஜியிலிருந்து விமானம் வரும் நேரத்தில் சங்கு ஊதுவார்கள். ஓடுதளத்தில் இருப்பவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். விமானம் கிளம்பிப் போனபின் வெயில் தாழ அதே ஓடுதளத்தில் கைப்பந்தும் ரக்பியும் நடக்கும், மோட்டார் சைக்கிள்கள் குறுக்கே ஓடும், புழுக்கமான இரவுகளில் சிலர் பாயைக் கொண்டுவந்து விரித்துப் படுப்பார்கள். திறந்தவெளி என்று அந்தத் திட்டில் மிஞ்சியிருப்பது அது ஒன்றே என்பதால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

அந்த ஓடுதளமே வெளியுலகம் வந்துபோனதன் தழும்பு. 1942 அக்டோபரில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் இறங்கி, தென்னைகளை வெட்டி, புலாகாக் குழிகளைத் தூர்த்து, தரவாவிலும் நவுருவிலும் இருந்த ஜப்பானியரைத் தாக்கப் புறப்படும் குண்டுவீச்சு விமானங்களுக்காக அதை அமைத்தார்கள். அதற்குப் போட வேண்டிய பவளக் கற்களைத் திட்டின் இரு முனைகளிலும் தோண்டி எடுத்தார்கள். போர் முடிந்ததும் போய்விட்டார்கள். குழிகள் மட்டும் அப்படியே கிடந்தன. எழுபதாண்டுக் காலம் அவற்றில் உப்புநீரும் குப்பையும் தேங்கின. இடம் கிடைக்காதவர்கள் அந்தக் குழிகளின் மேலேயே கால்நட்டு வீடு கட்டிக்கொண்டார்கள். 2015இல் நியூசிலாந்தின் உதவியோடு காயலிலிருந்து மணல் அள்ளித்தான் அவை நிரப்பப்பட்டன.

ஒரே ஒரு கப்பலோடு பிரிந்த கதை

துவாலுவை ‘ஒதுங்கிக் கிடந்த தீவு’ என்று யாராவது எழுதினால் அவர் 1863ஐப் பற்றிக் கேள்விப்படாதவர் என்றே கொள்ள வேண்டும். அந்த ஆண்டு பெரு நாட்டுக்கு ஆள் பிடிக்க வந்த கப்பல்கள் ஃபுனஃபுட்டியிலிருந்தும் நுகுலேலேயிலிருந்தும் 400க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போயின. நுகுலேலேயில் மிஞ்சியவர்கள் நூறு பேர்கூட இல்லை. அதற்கு இரண்டாண்டு முன்புதான், குக் தீவுகளின் மனிஹிகியிலிருந்து கிளம்பிப் புயலில் திசை தவறிய எலிகானா என்ற திருச்சபை ஊழியர் அதே நுகுலேலேயில் கரை ஒதுங்கி, அங்கே கிறித்தவத்தைத் தொடங்கிவைத்திருந்தார். வேதம் படிக்கலாம் என்று ஆசைகாட்டியும் ஆள்பிடிப்பவர்கள் மக்களைக் கப்பலேற்றினார்கள் என்பது அந்தக் காலத்துப் பதிவுகள் சொல்லும் கசப்பான செய்தி.

பிறகு 1892இல் பிரிட்டிஷ் பாதுகாப்பு, 1916இல் கில்பர்ட், எல்லிஸ் தீவுகள் என்ற கூட்டுக் குடியேற்ற ஆட்சி. ‘எல்லிஸ்’ என்பது பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினரும் வணிகருமான ஒருவரின் குடும்பப் பெயர். ஒரு கப்பல் தலைவன் நன்றிக்கடனாக அதைத் தீவின்மேல் சூட்டிப் போனான். பனாபாவிலும் நவுருவிலும் பாஸ்பேட் வெட்டும் வேலைக்கு எல்லிஸ் தீவினர் போனார்கள். வைட்டுப்பு தீவினர் போர்க்காலத்தில் ஈட்டிய கூலியைச் சேர்த்து ஃபிஜியில் கியோவா என்ற தீவையே விலைக்கு வாங்கி, 1947 முதல் அங்கே குடியேறினார்கள். இடநெருக்கடிக்கு வெளிநாட்டில் இடம் தேடுவது, காலநிலை மாற்றம் என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்ட வழக்கம்.

1974இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் எல்லிஸ் தீவினரில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் கில்பர்ட் தீவுகளிலிருந்து பிரிந்துவிடத் தீர்மானித்தார்கள். மைக்ரோனீசியர்களான கில்பர்ட்டியர் எண்ணிக்கையில் மிகப் பெரும்பான்மை; பாலினீசியர்களான எல்லிஸ் தீவினரோ படிப்பின் பலத்தில் அரசுப் பணிகளில் தங்கள் விகிதத்துக்கு மிஞ்சி இருந்தார்கள்; இரு தரப்புக்கும் மனத்தாங்கல் முற்றியிருந்தது. பிரிவதற்குப் பிரிட்டன் விதித்த நிபந்தனை கடுமையானது: பாஸ்பேட் வருவாயில் பங்கு கிடையாது, கூட்டு ஆட்சியின் சொத்துகளில் ஒரு கப்பலைத் தவிர வேறெதுவும் கிடையாது. கொஞ்சம் நிறுத்திப் பார்த்தால், உலகில் வேறெந்த நாடும் இத்தனை குறைந்த சீதனத்தோடு தனிக்குடித்தனம் போயிருக்குமா என்று சந்தேகம் வருகிறது. சொத்து எதுவும் கைக்கு வரவில்லை. ‘நாடு’ என்ற தகுதி மட்டும் வந்தது. அதையே முதலாக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

குத்தகைகள்

முதல் குத்தகை தபால்தலை. புதிய நாட்டின் பெயரில் அச்சாகும் தபால்தலைகளை வாங்க உலகெங்கும் சேகரிப்பாளர்கள் இருந்தார்கள். நீராவி ரயில் இயந்திரங்களும் மோட்டார் கார்களும் அச்சிட்ட தபால்தலைகளைத் துவாலு வெளியிட்டது. தண்டவாளம் என்றால் என்னவென்று நேரில் கண்டிராத நாட்டின் தபால்தலையில் ரயில் இயந்திரம்! அளவுக்கு மீறி வெளியிட்டதில் சேகரிப்பாளர்களுக்கே சலிப்புத் தட்டி, அந்த வருமானம் மெல்ல வற்றியது.

அடுத்தது தொலைபேசி. துவாலுவின் பன்னாட்டுக் குறியெண் 688. 1990களில் அந்த எண் வரிசையை ஆபாசப் பேச்சு விற்ற வெளிநாட்டுச் சேவைகள் பயன்படுத்திக்கொள்ள அரசு இடம் கொடுத்தது. பணம் நன்றாகவே வந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் திருச்சபைக்குக் கொடுக்கும் ஒரு சமூகத்தில் அந்தப் பணத்துக்கு நல்ல பெயர் இருக்க முடியாது; எதிர்ப்பு வலுத்து அது கைவிடப்பட்டது. பின்னாளில் கப்பல் கொடியையும் துவாலு வாடகைக்கு விட்டது. அதன் கப்பல் பதிவகம் சிங்கப்பூரிலிருந்து இயங்குகிறது. 2012இல் ஈரானின் எண்ணெய்க் கப்பல்கள் துவாலுக் கொடிக்கு மாறியபோது அமெரிக்காவின் நெருக்குதலால் அந்தப் பதிவுகளை நீக்க வேண்டியதாயிற்று. சிறிய நாட்டின் கொடியை யார் வேண்டுமானாலும் வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதைப் பெரிய நாடு சொல்லிவிடும்.

இவற்றிலெல்லாம் உலகறிந்தது இணைய எழுத்துக் குத்தகை. முதலில் 1998இல் கனடா நிறுவனமொன்றோடு பேச்சு நடந்து, பணம் வராமல் அது முறிந்தது. அதன்பின் 50 மில்லியன் அமெரிக்க டாலரைப் பல ஆண்டுத் தவணைகளில் தருவதென்று கலிபோர்னிய ஏற்பாடு அமைந்தது. முதல் தவணைகளில் ஐ.நா. உறுப்புரிமை வந்தது, ஃபுனஃபுட்டியின் மண் சாலைக்குத் தார் வந்தது, தெருவிளக்கு வந்தது. ஓரிரு ஆண்டுகளில் வெரிசைன் நிறுவனம் அந்த உரிமையை வாங்கிக்கொண்டது. அதன் காலத்தின் முற்பகுதியில் துவாலுவுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு மில்லியன் டாலர் வந்துகொண்டிருந்தது; அது பிச்சைக்காசு என்று அந்த நாட்டு அமைச்சர்களே வெளிப்படையாகக் குறைபட்டார்கள். டுவிட்ச் போன்ற நேரலைத் தளங்கள் அதே ஈரெழுத்து முகவரியில் கோடிக்கணக்கான பார்வையாளர்களைச் சேர்த்த பிறகு, 2021 இறுதியில் உரிமை கோடாடி நிறுவனத்துக்குக் கைமாறியபோது தொகை ஆண்டுக்குப் பத்து மில்லியன் டாலராக உயர்ந்ததாகச் செய்திகள் கூறின. பத்தாயிரம் பேர் நாட்டுக்கு இது சிறு தொகையல்ல. அந்த எழுத்துகளால் பிறர் சம்பாதித்ததோடு ஒப்பிட்டால் பெரிய தொகையும் அல்ல. குத்தகைக்காரனுக்கு விளைச்சல் எவ்வளவு என்பது நிலத்துக்காரனுக்குத் தெரியாமலிருப்பது பழைய கதைதானே.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் துவாலுவை ஏமாளியாகக் காட்டியதாகிவிடும். வரும் பணத்தைக் காக்கும் விவேகத்தில் அது பல பெரிய நாடுகளை மிஞ்சியது. 1987இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகியவற்றின் பங்களிப்போடு ஏறத்தாழ 27 மில்லியன் ஆஸ்திரேலிய டாலரில் துவாலு வைப்பு நிதியம் தொடங்கப்பட்டது. அதன் அமைப்பு எளிது, ஆனால் கெட்டியானது. முதல் ஒரு கணக்கில் இருக்கும். விலைவாசி உயர்வுக்கு ஈடாக அந்த முதலின் மதிப்பு காக்கப்பட்ட பிறகு மிஞ்சுவது மட்டுமே இரண்டாவது கணக்குக்கு மாறும். வரவு செலவில் துண்டு விழும் ஆண்டில் அரசு அந்த இரண்டாவது கணக்கிலிருந்துதான் எடுக்கலாம். பக்கத்து நவுரு, பாஸ்பேட்டில் குவித்த பெருஞ்செல்வத்தைக் கரைத்து நின்ற காலத்தில், பாஸ்பேட்டில் ஒரு காசும் பெறாத துவாலுவின் முதல் வளர்ந்துகொண்டிருந்தது.

கடலைப் படகு நாளாக விற்றது

மேற்சொன்ன குத்தகைகளெல்லாம் கதை சொல்லச் சுவையானவை. அரசு நடப்பது மீனில். 26 சதுர கிலோமீட்டர் நிலத்தைச் சுற்றி ஏழு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான கடற்பரப்பில் துவாலுவுக்குத் தனிப் பொருளாதார உரிமை உண்டு. அந்தக் கடலில் ஓடுவது சூரை மீன், பெரும்பாலும் வரிச்சூரை. பிடிப்பவர்கள் துவாலுவர்கள் அல்லர். ஜப்பான், தென் கொரியா, தைவான், அமெரிக்கா எனத் தொலைதூர நாடுகளின் பெரிய சுருக்குமடிக் கப்பல்கள். நெடுங்காலம் அவை பிடித்த மீனின் மதிப்பில் ஐந்தாறு விழுக்காட்டை உரிமக் கட்டணமாக வீசிவிட்டுப் போயின. தீவு நாடுகள் தனித்தனியே பேரம் பேசியவரை அதற்குமேல் கேட்க முடியவில்லை. ஒரு நாடு கறாராக நின்றால் கப்பல் அடுத்த நாட்டின் கடலுக்குப் போய்விடும்.

நவுரு உடன்படிக்கையில் சேர்ந்த எட்டு நாடுகள், அதில் துவாலுவும் ஒன்று, 2007 முதல் இதற்கு ஒரு மாற்று கண்டன. விற்பது மீனை அல்ல, நாளை. எல்லோருடைய கடலிலும் சேர்த்து ஓராண்டில் சுருக்குமடிக் கப்பல்கள் மொத்தம் எத்தனை நாள் மீன்பிடிக்கலாம் என்பதை முதலில் வரையறுத்து, அந்த நாட்களைத் தங்களுக்குள் பங்கிட்டு, ஒவ்வொரு நாளுக்கும் குறைந்தபட்ச விலை நிர்ணயித்து விற்றார்கள். 80 மீட்டரை விட நீளமான கப்பல் ஒரு நாள் பிடித்தால் ஒன்றரை நாளாகக் கணக்கு. 50 மீட்டருக்குக் குறைந்தது பிடித்தால் அரை நாள். குறைந்தபட்ச விலை 2012இல் ஒரு நாளுக்கு 5,000 அமெரிக்க டாலர், 2015க்குள் 8,000. பிடித்த மீனை மறைக்கலாம், எடையைக் குறைத்துச் சொல்லலாம். செயற்கைக்கோள் கண்காணிப்பில் இருக்கும் கப்பல் ஒரு நாளைக் கடலில் கழித்ததை மறைப்பது கடினம். இந்த முறையின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருக்கிறது. சில ஆண்டுகளில் துவாலு அரசின் வருவாயில் பாதியளவு இந்த உரிமக் கட்டணமே.

எல் நினோ ஆண்டுகளில் வெதுநீர் கிழக்கே நகர, சூரைக் கூட்டமும் நகர்ந்து துவாலு, கிரிபாட்டி பக்கம் வரும். அப்போது கருவூலம் நிறையும். கடல் தொடர்ந்து சூடேறினால் மீன் இன்னும் கிழக்கே, யாருடைய உரிமைக்கும் உட்படாத பொதுக்கடலுக்குள் போய்விடும் என்று ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. தீவு மூழ்கும் என்ற அச்சத்துக்கு இணையாக, மீன் வேலி தாண்டும் என்ற அச்சமும் துவாலுவுக்கு உண்டு. பின்னது செய்தித்தாளில் வருவதில்லை.

ஆள் உழைப்பையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஃபுனஃபுட்டியின் அமாட்டுகு திட்டில் இருக்கும் கடற்பயிற்சிப் பள்ளியில் தேறிய இளைஞர்கள் பல்லாண்டுகள் ஜெர்மானியக் கப்பல்களில் மாலுமிகளாகப் போய் வந்து, வீட்டுக்குப் பணம் அனுப்பினார்கள். 2008இன் நிதி நெருக்கடிக்குப் பின் அந்த வேலைகள் சுருங்கின. நியூசிலாந்தின் 2018 மக்கள்தொகைக் கணக்கில் தங்களைத் துவாலுவர் என்று பதிந்தவர்கள் 4,653 பேர்.

உயரும் கடலும் வளரும் தீவும்

ஃபுனஃபுட்டி அறிவியலுக்கும் பழைய அறிமுகம்தான். பவளத்தீவுகள் தாழ்ந்துபோன எரிமலைகளின் மேல் வளர்ந்தவை என்ற டார்வினின் கருத்தைச் சோதிக்க 1896 முதல் 1898 வரை லண்டன் ராயல் சொசைட்டி இங்கே துளையிட்டது. 340 மீட்டர் வரை போயும் பவளப்பாறை முடியவில்லை. தீவு என்பது உறுதியான நிலமல்ல, கடலோடு பேரம் பேசிக்கொண்டே இருக்கும் ஓர் உயிர்ப்பொருள் என்பதை அந்தத் துளை அன்றே காட்டியது. 1972இன் பீபி சூறாவளி ஃபுனஃபுட்டியின் வெளிக்கரையில் ஒரே நாளில் பல கிலோமீட்டர் நீளத்துக்குப் பவளக் கல்மேடு ஒன்றை எழுப்பிவிட்டுப் போனது. அழிக்க வந்த அலையே கரையும் கட்டிக் கொடுத்தது.

இதை நினைவில் வைத்துக்கொண்டால், ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட முடிவு அவ்வளவு அதிர்ச்சி தராது. துவாலுவின் 101 திட்டுகளை 1971 முதல் 2014 வரையிலான வான்படங்களில் அளந்து பார்த்ததில், மொத்த நிலப்பரப்பு 2.9 விழுக்காடு கூடியிருந்தது. அலைகள் பவளப் பொடியைக் கரையில் சேர்த்துக்கொண்டே இருந்திருக்கின்றன. ‘மூழ்கவே இல்லை’ என்று சிலர் இதை எடுத்துக்கொண்டு ஆடினார்கள். துவாலு அரசு எரிச்சலடைந்தது. இரண்டு பக்கமும் ஒன்றைத் தவறவிட்டதாகவே எனக்குப் படுகிறது. பரப்பு கூடுவது வேறு, உயரம் கூடுவது வேறு. ஆளில்லாத திட்டு இஷ்டம்போல் நகர்ந்து வளரலாம். சுவரும் சாலையும் ஓடுதளமும் கட்டிக் கெட்டிப்படுத்திய ஃபொங்கஃபாலே அப்படி நகர முடியாது. அங்கே பெரிய ஓத நாட்களில் கடல்நீர் கரையைத் தாண்டி வருவதற்கு முன்பே, நுண்துளைகள் நிறைந்த தரை வழியாக வீட்டு முற்றத்தில் குமிழியிட்டு மேலே வருகிறது. தடுப்புச்சுவர் அதைத் தடுக்காது. நாசாவின் 2023 மதிப்பீட்டில், முந்தைய 30 ஆண்டுகளில் அங்கே கடல்மட்டம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தது. உணவுக்கும் குடிநீருக்கும் தாங்காத நிலம், வரைபடத்தில் அங்குலம் அங்குலமாக வளர்ந்தாலும் குடியிருப்பவருக்குப் பயனில்லை.

அரசு இரண்டு வழிகளில் பதில் தேடுகிறது. ஒன்று மண்வேலை: காயல் மணலை அள்ளி ஃபொங்கஃபாலேயின் காயல் கரையில் ஏழு ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட புதிய, உயர்த்திய நிலம் 2023க்குள் உருவாக்கப்பட்டுவிட்டது, இன்னும் 3.6 சதுர கிலோமீட்டர் உயர்நிலம் எழுப்பும் நீண்டகாலத் திட்டமும் வரைவில் இருக்கிறது. மற்றது சட்டவேலை, அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

பத்திரத்தைக் காப்பது

ஒரு நாடு என்பதற்கு நிலையான மக்கள், வரையறுத்த நிலம், அரசாங்கம், பிற நாடுகளோடு உறவுகொள்ளும் ஆற்றல் என நான்கு அடையாளங்களை 1933இன் மொண்டெவீடியோ உடன்படிக்கை சொல்கிறது. கடல் எல்லையோ கரையிலிருந்து அளக்கப்படுவது. கரை பின்வாங்கினால் எல்லையும் பின்வாங்குமா? ஒரு திட்டு மறைந்தால் அதைச் சுற்றிய கடல் பொதுக்கடலாகி, படகு நாட்களை விற்கும் உரிமையும் போய்விடுமா? இந்தக் கேள்வியை டாலரில் மொழிபெயர்த்துப் பார்த்தால்தான் துவாலுவின் பதற்றம் விளங்கும். நிலம் போனால் வீடு போகும். நாடு என்ற தகுதி போனால் மீன், இணைய எழுத்து, வாக்கு, உதவி அனைத்தும் சேர்ந்து போகும்.

ஆகவே 2021 ஆகஸ்டில் பசிபிக் தீவுகள் மன்றம், ஏற்கெனவே அறிவித்த கடல் எல்லைகள் கடல்மட்ட உயர்வால் சுருங்கமாட்டா என்று கூட்டாக அறிவித்தபோது, துவாலுவுக்கு அது வெறும் அறிக்கையாக இருக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் வெளியுறவு அமைச்சர் சைமன் கொஃபே, கோட்டும் டையும் அணிந்து, காற்சட்டையை மடித்துவிட்டு, முழங்காலளவு கடல்நீரில் பேச்சுமேசை போட்டு நின்று கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுக்கு உரையாற்றினார். படம் உலகெங்கும் ஓடியது. உரையில் அவர் பேசிய கடல் எல்லை, அரசுரிமை ஆகியவை அவ்வளவாக ஓடவில்லை. ஆன்டிகுவா பார்புடாவோடு சேர்ந்து துவாலு தொடங்கிய சிறு தீவு நாடுகளின் ஆணையம் கேட்டதன் பேரில், பன்னாட்டுக் கடற்சட்டத் தீர்ப்பாயம் 2024 மே 21 அன்று, மனிதர் வெளியேற்றும் பசுங்குடில் வாயுக்கள் கடல் மாசு என்ற வரையறைக்குள் அடங்கும் என்று கருத்துரைத்தது. இதற்கிடையே 2023இல் துவாலு தன் அரசமைப்பையே திருத்தி, நிலப்பரப்பை இழந்தாலும் துவாலு என்ற அரசு என்றென்றும் நீடிக்கும் என்று எழுதிக்கொண்டது. ஒரு நாடு தன் நிரந்தரத்தைத் தானே சட்டமாக இயற்றிக்கொள்வது சிரிப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் அதைப் பிறர் ஏற்றுக் கையெழுத்திட்டால் அது பத்திரமாகிவிடும்.

கையெழுத்து ஆஸ்திரேலியாவிடமிருந்து வந்தது. 2023 நவம்பர் 9 அன்று ரரோடொங்காவில் கையெழுத்தாகி, 2024 ஆகஸ்ட் 28இல் நடைமுறைக்கு வந்த ஃபாலேபிலி ஒன்றிய உடன்படிக்கைக்கு, பக்கத்து வீட்டாரைத் தன்வீட்டாராகப் பேணும் கடமையைக் குறிக்கும் துவாலுவன் சொல்லே பெயர். அதன்படி கடல்மட்டம் உயர்ந்தாலும் துவாலுவின் அரசுரிமை தொடர்வதை ஆஸ்திரேலியா ஏற்கிறது. பேரிடரிலும் படையெடுப்பிலும் உதவிக்கு வருகிறது. ஆண்டுக்கு 280 துவாலுவர்களுக்கு நிரந்தரமாக வந்து வாழவும், விரும்பும்போது திரும்பவும் இடமளிக்கிறது. விலை வேறு ஒரு பிரிவில் இருக்கிறது: பாதுகாப்பு தொடர்பாகப் பிற நாடுகளோடு துவாலு செய்யும் எந்த ஏற்பாட்டுக்கும் ஆஸ்திரேலியாவின் உடன்பாடு வேண்டும், துறைமுகம், தொலைத்தொடர்பு, மின்சாரம் போன்றவையும் அதில் அடங்கும். 1979 முதல் தைவானை அங்கீகரித்து வரும், பசிபிக்கில் இப்போது அப்படி மிஞ்சியிருக்கும் மூன்று நாடுகளில் ஒன்றான துவாலுவின் மேல் பெய்ஜிங்கின் கண் விழுந்துவிடக் கூடாது என்ற கவலைதான் அந்தப் பிரிவை எழுதவைத்தது என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய அரசியல் ஞானம் வேண்டியதில்லை.

முன்னாள் பிரதமர் எனெலே சொபொவாகா இதை இறையாண்மையைக் கைவிடுவதாகக் கண்டித்தார். கையெழுத்திட்ட பிரதமர் கௌசியா நடானோ 2024 ஜனவரித் தேர்தலில் தன் தொகுதியையே இழந்தார். அடுத்து வந்த பிரதமர் ஃபெலெட்டி தேயோ, மேற்கு மத்திய பசிபிக் மீன்வள ஆணையத்தின் செயல் இயக்குநராக இருந்தவர். குத்தகைப் பத்திரத்தின் ஒவ்வொரு வரிக்கும் விலை தெரிந்தவர். அவர் உடன்படிக்கையைக் கைவிடவில்லை. இணைய எழுத்தும் படகு நாளும் விற்றபோது துவாலு கொடுத்தது பயன்பாட்டு உரிமை. இங்கே கொடுத்தது முடிவெடுக்கும் உரிமையில் ஒரு பங்கு. பதிலுக்கு வாங்கியதோ, எல்லாக் குத்தகைக்கும் மூலமான அந்தத் தகுதிக்கு ஒரு சாட்சிக் கையெழுத்து. நான் அறிந்தவரை இந்தப் பேரத்தில் துவாலு எதையும் இலவசமாகக் கொடுத்துவிடவில்லை.

ஆஸ்திரேலியா தரும் அந்த 280 இடங்களுக்கு ஆளைத் தேர்வது குலுக்கல் முறையில்; முதல் குலுக்கலுக்கான பதிவு 2025 ஜூன் 16இல் திறந்தது. கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். நாட்டின் முதல் தானியங்கிப் பண இயந்திரங்கள் அதற்கு இரண்டே மாதம் முன்புதான் வந்திருந்தன. ஜூலை 18இல் பதிவு மூடியபோது, குடும்பத்தினரையும் சேர்த்து 8,750 பேரின் பெயர்கள் அதில் இருந்தன. நாட்டில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல். பெயர் கொடுத்தவர்கள் எல்லோரும் போய்விடுவார்கள் என்பதில்லை. சீட்டு விழுந்தாலும் போகாதவர்களும், போய்த் திரும்புகிறவர்களும் இருப்பார்கள். ஐந்து நாள் கழித்து, ஜூலை 23 அன்று, ஹேக்கில் பன்னாட்டு நீதிமன்றம் தன் காலநிலைக் கருத்துரையை வெளியிட்டது. ஒருமுறை நிலைபெற்ற அரசு, அதன் அடையாளக் கூறுகளில் ஒன்று மறைந்துவிட்டதாலேயே அரசு என்ற தகுதியை இழந்துவிட வேண்டியதில்லை என்று அதில் இருந்தது. நீதிபதிகள் நினைத்தது நிலத்தை. குலுக்கல் பட்டியலில் வரிசையாக நின்றது, அந்த நான்கு கூறுகளில் முதலாவது.